அறுப்பு இரண்டு, தவணை ஐம்பத்திரண்டு

(2026 தை மாதம் தஞ்சாவூரில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் அச்சு வடிவம். பேசியவர் ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர்.)



நோட்டீசில் என் தலைப்பை ‘பெருகும் வீட்டுக் கடனும் அரசின் கடமையும்’ என்று போட்டுவிட்டார்கள். வாசலில் ஒரு தம்பி என்னை நிறுத்தி, “சார், மாடி எடுக்கணும், இப்ப வட்டி எவ்வளவு போகுது?” என்று கேட்டார். நான் பேச வந்தது வீடு கட்ட வாங்கும் கடனைப் பற்றி அல்ல. வீட்டை ஓட்ட வாங்கும் கடனைப் பற்றி. குடும்பக் கடன் என்று போட்டிருந்தால் அந்தத் தம்பிக்கு ஏமாற்றம் இருந்திருக்காது.

31 வருஷம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பேரேடு எழுதியவன் நான். எனக்குக் கடன் என்றால் நில உரிமைக்குச் சிட்டா, சாகுபடிக்கு அடங்கல், பங்குத் தொகை, தவணை தேதி. ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொரு பேரேடு இருப்பது தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு அம்மா. நடவு, களை, உளுந்து பிடுங்குவது, நூறு நாள் வேலை என்று எதற்கும் போவார். மகளின் பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, “செகரட்டரி சார், இதுல எது முடிஞ்சிருக்கு, எது முடியலன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். திங்கள் ஒரு நுண்கடன் கம்பெனியின் குழுக் கடன். புதன் இன்னொரு கம்பெனி. வெள்ளிக்கிழமை தண்டல்காரர். மாதம் 10-ஆம் தேதி மகளிர் குழுவின் வங்கிக் கடன். ஒவ்வொன்றுக்கும் நாள் இருந்தது, தொகை இருந்தது. என் பேரேட்டைவிடச் சுத்தம்.

நான் அவரிடம், “இதுக்குப் பக்கத்துலயே உங்களுக்குக் கூலி வந்த நாளையும் ஒரு கோடு போட்டு எழுதுங்கம்மா” என்று சொன்னேன். மூன்று மாதம் எழுதினார். இன்று நான் சொல்லப் போவது அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான்.

நம் ஊர் வருமானம் எப்படி வருகிறது? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை. அது ஐப்பசியில் அறுப்பு. பிறகு தாளடி. அல்லது ஒரே போகமாகச் சம்பா. அது தை, மாசியில் அறுப்பு. வருஷத்தில் இரண்டு தடவை வயலில் பணம் தலைகாட்டும். அதுவும் நெல்லை அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்து, மூட்டை பிடித்து, எடை போட்டு, வங்கிக் கணக்கில் ஏறினால். போன ஐப்பசி மழையில் குறுவை நெல் சாலையோரத்தில் குவிந்து கிடந்து முளைவிட்டதை நீங்களே பார்த்தீர்கள். ஈரப்பத அளவைத் தளர்த்தலாமா என்று மத்தியக் குழு வந்து பிடி நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போனது. அந்த நாட்களில் எந்தக் கம்பெனிக்காரரும் தன் தவணை நாளைத் தளர்த்தலாமா என்று குழு அனுப்பவில்லை.

நிலம் இருப்பவர் கதை இது. நிலம் இல்லாதவர் வீட்டில் நடவுக்கு மிஷின் வந்தது, அறுப்புக்கு மிஷின் வந்தது, பெண்களின் வேலை நாள் சுருங்கியது. உளுந்தும் பயறும் பிடுங்கி முடிந்த பிறகு, பங்குனிக் கடைசியிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை வயலில் வேலையே கிடையாது. ஆனால் திங்கட்கிழமை வருகிறது. வருஷத்துக்கு 52 தடவை வருகிறது.

நம் மாவட்டத்தில் ஆளைச் சாய்ப்பது கடனின் தொகையைவிடக் கடனின் தேதிதான் என்பது என் எண்ணம். தொகையைப் பற்றித்தான் எல்லா மேடையிலும் பேசுகிறோம். தேதியைப் பற்றி யாரும் கோஷம் போடுவதில்லை. தேதிக்குக் கோஷம் எழுதுவதும் கஷ்டம்தான்.

இதற்கு விதி இல்லையா என்றால், இருக்கிறது. 2022 மார்ச் 14 அன்று ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு ஒரு வழிகாட்டு விதி போட்டது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கும் கடன் நுண்கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போகக் கூடாது. இருவரும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவையாவது அங்கே வரவில்லை என்றால்தான் வீட்டுக்கு வரலாம். சொந்தக்காரரை, நண்பரை, கூட வேலை செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே விதி அதுவரை இருந்த வட்டி உச்சவரம்பையும் எடுத்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

‘மாத வருமானத்தில் பாதி’ என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் என்றால், பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 25,000. பாதி 12,500. காகிதத்தில் கணக்குச் சரி. ஆனால் நம் வீடுகளில் வருமானம் பன்னிரண்டால் வகுபடுவதில்லை. மாசியில் கையில் பணம், வைகாசியில் அரிசிப் பானையின் அடி. வகுத்து வந்த அந்த 25,000 ரூபாய் மாதத்தைத் தஞ்சை மாவட்டத்தில் யாரும் வாழ்ந்ததில்லை.

அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணைக் காலத்தை மாற்றிக்கொள்ளும் வசதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். வாரமோ, மாதமோ, அறுவடைக்கு அறுவடையோ. இங்கே இருக்கும் அம்மாக்களில் யாரிடமாவது, “உங்களுக்கு எந்த மாசம் கட்ட வசதிப்படும்?” என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? கை தூக்குங்கள். (ஒருவரும் தூக்கவில்லை.)

இது புதிய கோரிக்கையே இல்லை என்பதற்கு நம் பெரிய கோயில் சுவரே சாட்சி. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்த செய்தி இருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அதற்குப் பொலிசை என்று பெயர். நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில ஊர்கள் அந்த வட்டியை நெல்லாக அளந்தன. இன்றைய நுண்கடன் வட்டி இருபதுகளின் நடுவில் நிற்கிறது. வாரம் ஒருமுறை, நோட்டாக. சோழர் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கடன் வாங்கிய சபைகள் நிலம் வைத்திருந்தவர்களின் சபைகள். நாற்று நட்டவளுக்கு அந்தக் காசு போகவில்லை. ஆனால் கொடுத்தவன் விளைச்சலின் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தான்.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1890-களில் சென்னை மாகாணத்துக்கு விவசாய வங்கி சரிப்படுமா என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் கிராமக் கூட்டுறவை வளர்த்த ரைபைசன் போல ஒருவரை இங்கே கண்டுபிடியுங்கள் என்பது அதன் சாரம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே 1904-இல் கும்பகோணத்தில் கும்பகோணம் பேங்க் தொடங்கியது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி. நம் பகுதியில் பணத்துக்குப் பஞ்சம் இல்லை, அது நடக்கும் பாதைதான் எப்போதும் மிராசுதார் வீட்டு வழியாகப் போனது.

மாகாணத்தின் கிராமக் கடன் 45 கோடி என்று நிக்கல்சன் மதிப்பிட்டார். 1930-இல் வங்கி விசாரணைக் குழு 150 கோடி என்றது. நெல் விலை விழுந்த பெருமந்தத்துக்குப் பிறகு, 1935-இல் சத்தியநாதன் என்ற அதிகாரியின் அறிக்கை 200 கோடி என்றது. ஐந்து வருஷத்தில் 50 கோடி. நெல் விலை இறங்கியபோது வட்டி இறங்கவில்லை, தவணை இறங்கவில்லை, நிலவரிக் கிஸ்தியும் இறங்கவில்லை. விவசாயிகள் கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், 1937 தேர்தலில் அது பேச்சானது. ராஜாஜி மந்திரி சபை 1938-இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுக்க ரத்து. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. இனிமேல் வட்டி ஆண்டுக்கு ஆறேகால் சதவீதம். அந்தக் காலத்துக்கு இது சாதாரணச் சட்டம் இல்லை. லேவாதேவிக்காரர்கள் கொதித்தார்கள்.

ஆனால் யாருக்குக் கிடைத்தது? நிலத்தில் ஏதாவது உரிமை இருந்தவருக்கு. பண்ணையில் கிடந்தவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயி இல்லை. 1946-இல் பொருளாதார அறிஞர் பி.வி. நாராயணசாமி நாயுடு மாகாணத்தின் கிராமக் கடனைத் திரும்ப ஆராய்ந்தார். போர்க்கால நெல் விலையில் பெரிய நிலக்காரர் கடனை அடைத்துவிட்டார். கூலிக்காரரின் கடன் ஏறியிருந்தது. எண்பது வருஷம் ஆகிறது. அந்த அறிக்கையின் ஊர்ப் பெயர்களை மாற்றி இன்று அச்சடித்தால் புதிது என்று நினைப்பீர்கள்.

இந்த இடத்தில் முன்வரிசையில் இருக்கும் விவசாய சங்கத்து நண்பர்களுக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை. தள்ளுபடியைப் பற்றிச் சொல்கிறேன். 2006-இல் கலைஞர் ஆட்சி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். 2017-இல் அய்யாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் தள்ளுபடி கேட்டு மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு 41 நாள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தள்ளுபடிக்கும் பட்டியல் எழுதியவன் நான். அந்தப் பட்டியலில் யார் பெயர் வரும் என்று எனக்கு மனப்பாடம். சிட்டா இருப்பவர் வருவார். வாய்மொழிக் குத்தகைக்குக் கோயில் நிலத்தையோ அடுத்தவர் நிலத்தையோ உழுபவருக்கு அடங்கல் கிடையாது, சங்கக் கடன் கிடையாது, தள்ளுபடியும் கிடையாது. உரக்கடைக் கடனில் விளைவித்திருப்பார். அதை எந்த முதலமைச்சரும் தள்ளுபடி செய்ய முடியாது. நம் தெரு அம்மாவுக்கோ எந்தப் பட்டியலிலும் பத்தி கிடையாது.

2019-இல் மத்திய அரசின் மாதிரி ஆய்வு சொன்ன கணக்கு: தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்களில் 100-க்கு 65 கடனில் இருக்கின்றன, சராசரிக் கடன் 1 லட்சத்து 6 ஆயிரம் ரூபாய் சொச்சம். இந்திய அளவில் 100-க்கு 50, சராசரி 74 ஆயிரம். எங்கும் மேற்கோள் காட்டப்படும் புள்ளிவிவரம் இது. ஆனால் அந்த ஆய்வில் ‘விவசாயக் குடும்பம்’ என்றால் சொந்தமாகச் சாகுபடியோ கால்நடையோ வைத்து விளைபொருள் எடுப்பவர். வெறும் கூலிக்குப் போகிறவர் அதற்குள் வரமாட்டார். அவருக்காகக் கேட்பதற்கு முன் அவரை எண்ண வேண்டும் அல்லவா?

இனி நகைக்கடன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரசை அசைக்க முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இதுதான்.

டெல்டாவில் நகை என்பது நகை இல்லை. அது கழுத்தில் கிடக்கும் காலம் குறைவு. நாற்றங்காலுக்கு உள்ளே போகும், அறுப்புக்கு வெளியே வரும், பள்ளிக்கூடம் திறந்தால் திரும்ப உள்ளே போகும். முன்பெல்லாம் வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொள்ளலாம். பிறகு வங்கிகள், அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி மீட்டுவிட்டுத்தான் திரும்ப வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தன. ஒன்றரை லட்சத்துக்கு ஒருவர் எங்கே போவார்? வங்கி வாசலிலேயே அதற்கு ஆள் நிற்பார். காலையில் கொடுப்பார், மீட்டு மறுபடி வைத்ததும் வாங்கிக்கொள்வார். ஒரு நாள் வட்டி. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, ஒரு நாளைக்கு! வருஷக் கணக்கு போட்டால் உங்களுக்குத் தலைசுற்றும். அரசு வங்கியின் விதி ஒன்று, கந்து வட்டிக்காரருக்கு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்தது. 2003-இல் கந்து வட்டிக்கு எதிராகச் சட்டம் போட்ட மாநிலம் இது. நானும் யோக்கியன் இல்லை. என் சங்கத்தில் பயிர்க்கடனைக் கட்டியதாகவும் திரும்பக் கொடுத்ததாகவும் ஒரே நாளில் பேரேட்டில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். புத்தக அட்ஜஸ்ட்மென்ட். எல்லாச் செயலாளருக்கும் தெரியும், எந்தச் செயலாளரும் சொல்லமாட்டார். எனக்கு ஓய்வூதியம் நின்றுபோகாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 9 அன்று ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு வரைவு விதி வெளியிட்டது. நகை உங்களுடையது என்பதற்குச் சான்று வேண்டும் என்றது. அம்மாச்சி போட்ட அட்டிகைக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? மே மாதம் தமிழ்நாடே கிளம்பியது. விவசாய சங்கம், எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி எல்லாம் ஒரே குரல். முதலமைச்சர் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நிதியமைச்சகமே சிறு கடன்காரர்களை விட்டுவிடச் சொல்லி ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரைத்தது. ஜூன் 6 அன்று இறுதி விதி வந்தது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம் என்பது 85 ஆனது. நிலுவை வட்டியைக் கட்டினால் புதுப்பித்துக்கொள்ளலாம். 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டே மாதத்தில் மும்பையில் இருக்கும் ஒரு நிறுவனம் திரும்பிப் பார்த்தது.

ஏன் அது நடந்தது? நகை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வாத்தியார் வீட்டில், பத்திரிகைக்காரர் வீட்டில், எம்.எல்.ஏ. வீட்டில். நகை அடகு வைப்பதில் வெட்கம் இல்லை. குழுக் கடனில் வெட்கம் இருக்கிறது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற பெண்கள் கட்ட வேண்டும். ஆகவே அவளை முதலில் திட்டுவது கம்பெனிக்காரர் இல்லை, அடுத்த வீட்டுக்காரி. யாருக்கு எதிராக மனுக் கொடுப்பது?

சத்தம் வெளியே கேட்ட நேரமும் உண்டு. 2016 மார்ச்சில் ஒரத்தநாடு வட்டாரத்தில், டிராக்டர் கடனில் இரண்டு தவணை நின்றதற்காக ஒரு விவசாயியைப் போலீசார் வயலில் அடித்து இழுத்துச் சென்றது செல்போனில் பதிவாகி நாடு முழுக்கப் போனது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வேரோடு சாய்ந்தது. தவணை மட்டும் சாயவில்லை. 2020 கொரோனாவில் ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை தவணை ஒத்திவைப்புக் கொடுத்தது. ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஓடியது. 2025 ஏப்ரலில் துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா, கடன் வசூலில் மிரட்டல், பின்தொடர்தல், ஆள்விட்டு நெருக்குதல் எல்லாவற்றையும் சிறைத் தண்டனைக் குற்றமாக்கியது, ஜூனில் சட்டமாயிற்று. வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் வசூலிப்பவரின் வாயைத்தான் அடக்குகிறது. மரியாதையாக, காலை பத்து மணிக்கு, சிரித்த முகத்தோடு ஒரு பையன் வந்து நின்றாலும் வைகாசியில் கொடுக்கப் பணம் கிடையாதே. அந்தப் பையனும் பாவம். டார்கெட் வைத்திருக்கிறார்கள், பாதிப் பேர் நம்மூர்ப் பிள்ளைகள்.

பேராவூரணிப் பக்கத்து நண்பர்கள் வந்திருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஆடி, ஆவணியில் உங்கள் ஊரில் மொய் விருந்து நடக்கிறது. பத்திரிகை அடித்து, கிடா வெட்டி, நோட்டு எண்ண மிஷின் வைத்து லட்சக்கணக்கில் மொய் வாங்குகிறீர்கள். வட்டி இல்லை. திருப்பித் தருவது கொடுத்தவர் வீட்டில் விருந்து வைக்கும் முறை வரும்போது. தலைவலி அதிலும் உண்டு. மொய் திரும்பச் செய்யாதவர் ஊரில் தலை நிமிர முடியாது. இருந்தாலும் வயல் ஓய்ந்த மாதம், தென்னை காய்க்கும் மாதம், முறை வரும் வருஷம் என்று நாளை நாமே குறித்து ஒரு கடன் முறையை நடத்திக் காட்டியிருக்கிறோம். வங்கி அதிகாரிகளுக்கு இதை நாம்தான் பாடம் நடத்த வேண்டும்.

சட்டமன்றத் தேர்தல் வருகிறது. எல்லாக் கட்சி அறிக்கையிலும் தள்ளுபடி ஏதாவது ஒன்று இருக்கும். நாம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். டெல்டா மாவட்டங்களில் நுண்கடன் தவணை சாகுபடிப் பருவத்தை ஒட்டி இருக்க வேண்டும், பங்குனி முதல் ஆனி வரை அசல் கேட்கக் கூடாது. ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது என்று முன்பே காட்டினேன். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிகளின் ஆலோசனைக் குழுக் கூட்டம் நடக்கிறது. அதில் நுண்கடன் கம்பெனிகளையும் உட்கார வைத்து, எத்தனை கடனுக்குத் தவணைக் காலத்தை மாற்றிக் கொடுத்தீர்கள் என்று கேட்டுக் குறிப்பில் ஏற்ற வேண்டும். அடங்கல் இல்லாத குத்தகைதாரருக்கும் நிலமே இல்லாத கூலிப் பெண்ணுக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் கதவு திறக்க வேண்டும். சரியான தேதியில் கட்டினால் வட்டியே இல்லாத பயிர்க்கடனை நம் சங்கங்கள் நிலம் இருப்பவருக்குக் கொடுக்கின்றன. அதன் ஒரு சின்னப் பங்கைச் சாப்பாட்டுக் கடனாக வைகாசியில் கொடுத்தால் தண்டல்காரர் அந்தத் தெருவுக்கு வரமாட்டார்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். ஆட்சியர் முன் வெறும் கோஷத்தை வைக்க முடியாது. அதனால் அந்த அம்மாவின் நோட்டைப் போல, தவணை நாள் ஒரு கோடு, கூலி நாள் ஒரு கோடு என்று ஆளுக்கு ஒரு நோட்டு எழுதச் சொல்லி ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அவரிடம், “உங்க நோட்டுதாம்மா முதல் நோட்டு. வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். நாம நாலு பேரா போயி நேர்ல குடுத்துடலாம்” என்றேன்.

அவர் நோட்டைப் புரட்டி, கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். “திங்கக்கிழமையா? எனக்கு டியூ ஆச்சே சார். புதன்கிழமை மனு வாங்க மாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு, தானே, “இல்ல, புதன்கிழமையும் இருக்கு” என்றார்.